உள்ளே தெரியாத கண்ணாடி

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பிவிட்டால் எனக்கு வேலையே இல்லை. ஒரு மருந்து மொத்தக் கடையில், வந்து இறங்குகிற சரக்கைப் பிரித்துச் சரிபார்த்து உள்ளே எடுப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. பெட்டியில் ஒட்டிய டேப்பைப் பார்த்தாலே போதும், முதல் தடவை ஒட்டியதா, பிரித்து மறுபடி ஒட்டியதா என்று சொல்லிவிடுவேன். கடையில் இதற்காக எனக்கு நல்ல பெயர். வீட்டில் அப்படி இல்லை. "உனுக்கு யாரப் பாத்தாலும் திருடனாத்தான் தெரியும்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்குக் குரல் இருந்த காலத்தில்.

தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் பெட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவருக்குக் கழுத்தின் அடியில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான். நோய் போனது, கூடவே பேச்சும் போனது. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதிலிருந்து வந்த குரலைக் கேட்டு அப்பா முகம் சுளித்தார். வேட்டிகளுக்கு அடியில் அதை வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. நான் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். சின்ன வயதிலேயே மில்லுக்கு வேலைக்குப் போனவர், எழுத்து அவருக்கு மெதுவாகத்தான் வரும். அவர் ஒரு சொல் எழுதி முடிப்பதற்குள் நான் மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவேன். சரியோ தப்போ, தலையாட்டிவிடுவார். நாளடைவில் சிலேட்டும் தேவைப்படவில்லை. சாப்பாடு போதுமா, மாத்திரை போட்டாச்சா, ஃபேனைக் கூட்டட்டுமா என்று நான் கேட்பேன். அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்டுவார். எங்கள் வீடு அப்படி ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகத்தான் ஓடுகிறது என்று நானும் நினைத்தேன்.

எனக்கு இருந்த ஒரே பயம் வெயில். நமக்கெல்லாம் தூசியைத் தடுக்கவும் காற்றை ஈரமாக்கவும் மூக்கு இருக்கிறது. அப்பாவுக்கு வெளிக்காற்று நேராக நெஞ்சுக்குள் போகிறது. போன கோடையில் ஒரு மத்தியானம் சளி காய்ந்து அந்தத் துளையை அடைத்துக்கொண்டது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது. அறை சூடாகக் கூடாது, தூசி வரக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஏ.சி. போட்டால் காற்று வறண்டுவிடும், இவருக்கு அதுவும் ஆகாது என்றும் சொன்னார். இன்னொரு தடவை அப்படி அடைத்தால், நான் வேலைக்குப் போயிருக்கும் நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நெல்லித்தோப்பில் எங்கள் வீடு. தெரு அகலம் குறைவு, இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். கீழே ஒரு தையல் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம், மாடியில் நாங்கள். அப்பாவின் அறை தெருவைப் பார்த்து, மேற்கே முகம் வைத்தது. தலைக்கு மேலே மொட்டை மாடி. கம்பி வைத்த பழைய ஜன்னல், அதற்குப் பலகைக் கதவு. சாத்தினால் உள்ளே இருட்டும் புழுக்கமும், திறந்தால் வெயிலும் புழுதியும். உள்ளறைக்கு மாறிவிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அங்கே ஜன்னலே கிடையாது, வெயில் எட்டிப் பார்க்காது. அப்பா அசையவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். லீவு நாளில் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து துணி மடிக்கும்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய பிடரிதான்.

அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இன்னொரு மாடி, அதில் ஒரு பால்கனி, பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு கிழவர். அவர் அப்பாவோடு மில்லில் ஒரே நெசவுக் கூடத்தில் வேலை பார்த்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன், வாயளவில் மட்டும். முட்டி இரண்டும் போய்விட்டதால் மாடிப்படி இறங்க மாட்டார். தறிச் சத்தத்தில் காதும் போய்விட்டது. கண்ணுக்கு மட்டும் ஆபரேஷன் செய்துகொண்டு பருந்து மாதிரி பார்ப்பார். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எந்த நேரத்தில் பார்த்தாலும் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு, வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பார். அடுத்த வீட்டுக்குள் அப்படி என்ன பார்வை? துணி மாற்றக்கூட நான் உள்ளறைக்குப் போக வேண்டியிருந்தது. அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். சிரிப்புக்கும் சத்தம் கிடையாது, தோள் மட்டும் குலுங்கும்.

இந்த வருடம் கத்திரி வெயில் தொடங்கும் முன்பே ஜன்னலை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். தவளக்குப்பத்தில் ஜன்னல் பட்டறை வைத்திருந்த ஒருவர் வந்து அளவெடுத்தார். கையில் ஒரு சின்னச் சதுரக் கண்ணாடியை மாதிரிக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டு கண்ணாடி, நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி, சுற்றிலும் அடைப்பு. நடுவில் அடைபட்ட காற்று சூட்டை உள்ளே விடாதாம். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். "சொல்தா வூட்டுக்கெல்லாம் இதான்க்கா போட்டு குடுத்தோம். ஃபேன் போட்டாலே போதும்றாங்க" என்றார். சொல்தா வீட்டுப் பெயரைச் சொல்லிவிட்டால் நாங்கள் வாயைப் பிளந்துவிடுவோம் என்று இந்த ஊர் வியாபாரிகளுக்கு ஒரு நம்பிக்கை.

"உள்ள ரெண்டு கண்ணாடிதான் வெச்சிங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒட்டின பிறகு பிரிச்சா பாக்க முடியும்?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் பற்றவைத்தார். சுடர் இரண்டு ஜோடியாகத் தெரிந்தது. "ஒத்தக் கண்ணாடின்னா ஒரு ஜோடிதான்க்கா தெரியும். நீங்களே பாத்துக்கலாம்." அந்த வித்தையை மனதில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து எந்தக் கண்ணாடி என்று கேட்டார். ஒன்று சாதாரணமாகப் பளிச்சென்று தெரிவது. இன்னொன்று வெளிப்பக்கம் பாதரசம் பூசினாற்போல இருப்பது. பகலில் உள்ளேயிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும், வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தடுக்கும். நான் எதிர்ப் பால்கனியைப் பார்த்தேன். கிழவர் மென்றுகொண்டு எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த உள்ள தெரியாத கண்ணாடியே போடுங்க" என்று சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

மாட்டுகிற அன்று கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பழைய கம்பியை அறுத்து, வெள்ளைச் சட்டம் வைத்து, இழுத்துத் திறக்கிற கதவுகளை மாட்டினார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாணியையும் பார்த்தேன். அப்பா எழுந்து வந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். எதிரே பார்த்தார். பிறகு போய்ச் சிலேட்டை எடுத்து வந்து எழுத ஆரம்பித்தார். "வெயில் உள்ள வருமான்னு பாக்கறீங்களா? வராதுப்பா. தூசும் வராது, சத்தமும் வராது" என்றேன். பல்பத்தைக் கீழே வைத்துவிட்டார். தலையாட்டினாரா என்பது எனக்கு நினைவில்லை.

முதல் சில நாட்கள் சொர்க்கம். வேலை முடிந்து வந்து அந்த அறைக்குள் நுழைந்தால் குளத்தங்கரைக்கு வந்த மாதிரி இருக்கும். அப்பாவின் கழுத்தில் கட்டும் ஈரத்துணி சாயங்காலம்கூட வெள்ளையாகவே இருந்தது, இருமலும் இல்லை. அவர் அதே நாற்காலியில், அதே கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விளக்குப் போட்டால் வெளியிலிருந்து உள்ளே தெரிந்துவிடும் என்று நான் உடனே திரையை இழுத்துவிடுவேன். இராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார். வெயில் காலத்தில் யாருக்குத்தான் பசிக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் கதவைத் திறந்தபோது பழைய சூடு முகத்தில் அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனால் அப்பாவின் கழுத்துத் துணி பழுப்பாக இருந்தது, அவர் விடாமல் இருமினார். துளையைச் சுத்தம் செய்தபோது சளி பிசின் மாதிரி வந்தது. அந்தச் சாயங்காலம் முழுக்க ஒன்று மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. தவளக்குப்பத்துக்காரன் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டான். முதலில் நல்லதாக இருந்து பிறகு கெட்டுப்போகிற கண்ணாடி.

மெழுகுவர்த்தியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்னால் நின்றேன். சுடர் இரண்டு ஜோடியாகத்தான் தெரிந்தது. மூலைக்கு மூலை வைத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

மறுநாளும் அதே கதை. பட்டறைக்காரரை வரச்சொல்லிக் கத்தினேன். அவர் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார், கதவை இழுத்துப் பார்த்தார். கீழ்ச் சட்டத்துக் குழியில் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் புழுதி. "மூடியே இருந்தா இங்க தூசு வராதுக்கா. யாரோ தெறக்குறாங்க" என்றார்.

தன் தப்பை மறைக்க வீட்டு மனிதர்கள் மேல் பழி போடுகிறார் என்று முதலில் தோன்றியது. ஆனால் புழுதி பொய் சொல்லாது. யாரோ திறக்கிறார்கள் என்றால் யார்? நான் காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறேன். நடுவில் அந்த அறைக்கு வருவது ஒரே ஆள்தான், பாத்திரம் கழுவிப் பெருக்க வருகிற அக்கா. அவளுக்குப் போன் வந்தால் ஜன்னலோரமாகப் போய்ப் பேசுகிற பழக்கம் உண்டு. மறுநாள் காலையில் அவளிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். பெருக்கும்போது காற்றுக்காகத் திறந்தால் பரவாயில்லை, ஆனால் திரும்பச் சாத்திவிட வேண்டும் என்று, ஏதோ நான் தாராள மனசுக்காரி மாதிரி.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். "நேரா கேளும்மா. நான் ஏன் தெறக்கப் போறேன்? எனுக்கு அந்த ஜன்னல் பூட்டே தெறக்கத் தெரியாது. உங்கப்பாவாண்ட கேளு."

அப்பாவிடம் கேட்டேன். "அக்கா திறந்தாங்களாப்பா?" இல்லை என்று தலையாட்டினார். "கீழ்க் கடைக்காரர் வந்தாரா?" இல்லை. "அப்போ தானாத் திறந்துக்கிச்சா?" ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார்.

நீங்கள் திறந்தீர்களா என்று மட்டும் நான் கேட்கவில்லை. ஏன் கேட்பேன்? புழுதி பட்டால் மூச்சடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆட்டோவில் என் வளையலை நசுக்கியவர் அவர். உயிரைக் காப்பாற்றுகிற கதவைத் தன் கையால் யாராவது திறப்பார்களா? வேலைக்கார அக்கா பொய் சொல்கிறாள், அப்பா அவளைக் காப்பாற்றுகிறார் என்றே முடிவு கட்டினேன். அக்கா இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அதையும் அவளுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் வராத நாட்களிலும் அறை சூடாகத்தான் இருந்தது.

அதனால் என் தொழில் ஆயுதத்தை எடுத்தேன். காலையில் கிளம்பும்போது, ஜன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே அடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து குனிந்து பார்த்தேன். டேப் அதே இடத்தில் இருந்தது, ஆனால் ஓரம் வெளிறி, உள்ளே ஒரு நூல் தூசு ஒட்டியிருந்தது. பிரித்து மறுபடி ஒட்டியது. அதுவும் பொறுமையாக, நேராக, நெசவுக்காரன் இழை சேர்க்கிற மாதிரி ஒட்டியிருந்தது. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

மறுநாள் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு, மத்தியானத்துக்கு முன்னால் கிளம்பினேன். தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டு நடந்தேன். தையல் கடைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார், உஷ் என்று கையைக் காட்டினேன். கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மின்கம்பத்தை ஒட்டி நின்று மேலே பார்த்தேன்.

ஜன்னல் திறந்திருந்தது. அப்பா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை வெளியே நீட்டி, கழுத்துத் துளையின் மேல் ஒரு கையால் துணியை அழுத்திக்கொண்டு நின்றார். அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ இல்லை, மடமடவென்று. புருவம் ஏறி இறங்கியது, நடுவில் ஒரு கை பறந்து எதையோ காட்டியது. எதிர்ப் பால்கனியில் கிழவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய வாயும் சத்தமில்லாமல் அசைந்தது. அப்பாவுக்குத் தோள் குலுங்கியது. தலைக்கு மேலே இரண்டு பேர் இப்படிப் பேசித் தள்ளிக்கொண்டிருக்க, தெருவில் தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மாமா இத்தனை நாளும் மென்றுகொண்டிருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. மில் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். நெசவுக் கூடத்தில் தறி ஓடும்போது காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது, அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வீட்டுச் சண்டை முதல் சங்கத்து விவகாரம் வரை ஓடும். சின்ன வயதில் மில் மாமாக்கள் வீட்டுக்கு வந்தால் வாயை அகல அகலத் திறந்துதான் பேசுவார்கள், நாங்கள் பின்னால் நின்று அதைச் செய்து காட்டிச் சிரிப்போம். மில் மூடியதோடு அந்தப் பேச்சும் போய்விட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது அறிவு இல்லை, ஆத்திரம்தான். இந்த வெயிலில், இந்தப் புழுதியில், மூச்சு நின்றுவிடக்கூடிய ஆளை ஜன்னலில் நிற்கவைத்து வம்பளக்கிறாரே இந்த மனுஷர் என்று எதிர்வீட்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறினேன். பால்கனிக் கதவில் நின்று, "மாமா, அவர் உயிரோட இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பி என் உதட்டைப் பார்த்தார். மறுபடி சொன்னேன்.

காது கேட்காதவர்கள் பேசுகிற உரத்த குரலில் அவர் சொன்னார். "உயிரோட இருக்கானா செத்தானான்னே தெரியாமத்தான் பண்ணிட்டியே பாப்பா. அந்தக் கண்ணாடி மாட்டினதுலருந்து இங்க உக்காந்து என் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன். உங்கப்பன் அந்தப் பக்கம் இருக்கானா இல்லியான்னு எனுக்கு எப்படித் தெரியும்? படி எறங்க எனுக்கு முட்டி இல்ல. போன்ல பேச அவனுக்குக் குரல் இல்ல, கேக்க எனுக்குக் காது இல்ல. அப்புறம் ஒருநாளு கதவு தெறந்துச்சு. வேணாண்டா, மூடுடான்னு நான்தான் சொன்னேன். அவன் கேக்கல."

"அப்படி என்னதான் தினமும் பேசறீங்க?"

"இன்னா பேசுவாங்க? வெயிலு. மில்லு. செத்துப்போனவங்க. மெஸ்ஸுல போட்ட மீன் கொழம்பு." என் பக்கம் விரலை நீட்டினார். "நீ போடற டீல சக்கர ஜாஸ்தியாம். ஆபரேசன் ஆனதுலருந்து சொல்லிக்கினு கெடக்கறான்."

சுருக்கென்றது. தினமும் காலையில் டீ போதுமா என்று கேட்கிறேன். தினமும் போதும் என்று தலையாட்டுகிறார்.

திரும்பிப் பார்த்தேன். எதிரே ஜன்னலில் நின்ற அப்பா என்னைப் பார்த்துவிட்டார். மாட்டிக்கொண்ட முகம். பிறகு மெதுவாகக் கதவை இழுத்துச் சாத்தினார். அவர் முகம் இருந்த இடத்தில் ஒரு பால்கனியும், பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவரும், பக்கத்தில் கைப்பையோடு நிற்கிற ஒரு பெண்ணும் தெரிந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று தெரியும். ஏதாவது சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

"இப்ப இன்னா சொல்றான்?" என்று மாமா என்னிடம் கேட்டார்.

"தெரியலை மாமா."

"எனுக்கும் தெரியல" என்றார்.

அங்கேயே நின்று அழுதேன். அழுவதை அப்பா பார்க்கிறார் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படித்தானே நான் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தேன்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்து கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டும், பளிச்சென்று தெரிகிற கண்ணாடி வேண்டும் என்றேன். அவருக்கு இப்போது என் மேல் சந்தேகம். "அதப் போடச் சொல்லிட்டு, வெயில் வருதுன்னு மறுபடியும் என்னியே திட்டுவீங்கக்கா" என்றார். திட்ட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டிவிட அவரே யோசனை சொன்னார். வெயில் எங்கள் பக்கம் திரும்பும் வரை தட்டி சுருட்டியே இருக்கும். திரும்பியதும் அவிழ்த்துவிட்டால் போதும், அந்த நேரத்தில் இரண்டு கிழவர்களுமே தூங்கப் போய்விடுகிறவர்கள். வேலைக்கார அக்கா திரும்பி வந்தாள். நான் சொன்னதை அவள் இன்னும் மறக்கவில்லை என்பது அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே தெரிகிறது. ஆனால் தட்டியைத் தினமும் அவிழ்த்துவிடுவது அவள்தான். காலை வேலை முடிந்து போகிறவள், மத்தியானம் அதற்கென்றே இன்னொரு முறை வந்து போகிறாள்.

புதுக் கண்ணாடி மாட்டிய அன்று அப்பா மூடிய கதவுக்கு உள்ளே நின்று எதிரே பார்த்துக் கையைத் தூக்கினார். எதிரே மாமாவும் தூக்கினார். பேசுவதற்குச் சத்தமே தேவைப்படாத இரண்டு பேருக்கு நடுவில் கதவு எதற்குத் திறக்க வேண்டும்? அறை சூடாகவில்லை. கழுத்துத் துணி வெள்ளையாக இருந்தது. அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

சந்தேகம் என் கூடப் பிறந்தது, அது அவ்வளவு சுலபத்தில் போகாது. எதிரே மாமாவின் வாய் அசைவதையும், அப்பாவின் தோள் குலுங்குவதையும் பார்த்தால், என்னைப் பற்றித்தான் என்று இப்போதும் தோன்றுகிறது. அப்பா அவ்வளவு நேரம் உதட்டை அசைத்ததற்கு மாமா எனக்குச் சொன்னது சர்க்கரை மட்டும்தானா? மீதி என்ன என்று ஒருநாள் மாமாவிடம் கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்த பிறகு, சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து டீ போட்டேன். கடற்காற்று வந்துவிட்டது, புழுதி அடங்கிவிட்டது என்று தட்டியைச் சுருட்டிவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். வழக்கமாகக் கட்டிலில் உட்காருகிறவள், ஸ்டூலை இழுத்து அப்பாவுக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்த்தேன். மீசை முழுக்க நரைத்துவிட்டிருந்தது.

"சர்க்கரை ஜாஸ்தின்னு ஏம்ப்பா என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லல?"

தலையாட்டிப் பதில் சொல்ல முடியாத கேள்வி அது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். உதடு அசைந்தது. எனக்குப் புரியவில்லை. "இன்னொரு தடவை, மெதுவாச் சொல்லுங்க" என்றேன். மெதுவாகச் சொன்னார். உதட்டையே பார்த்தேன், ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. வழக்கம்போல ஊகித்துச் சொல்லிவிட நாக்கு வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து, தெருவைத் தாண்டி, அந்தத் தெருவே கேட்கும்படியாக மாமாவின் குரல் வந்தது.

"நீ எப்பம்மா கேட்டன்னு கேக்கறான்!"

கீழே தையல் மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடத் தொடங்கியது.